கடலூர்ப் பட்டறையில் ஓர் ஆட்டோகிராஸ் வண்டி: கட்டுவதற்கும் சோதிப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

ஆட்டோகிராஸில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். மைதானத்தில் கூம்புகளை வைத்து அமைத்த வளைந்த பாதையை எத்தனை நொடியில் முடிக்கிறோம் என்பதே கணக்கு. கூம்பு சாய்ந்தால் தண்டனை நொடிகள் சேரும். பல இடங்களில் கூம்பு ஒன்றுக்கு இரண்டு நொடி. வேகம் பெரும்பாலும் மணிக்கு 30 முதல் 80 கிலோமீட்டருக்குள் இருக்கும். நேர்ப்பாதை குறைவு, திருப்பம் மிகுதி. ஆகவே பெரிய எஞ்சின் தரும் பயனைவிட, திருப்பத்திலும் பிரேக்கிலும் புறப்பாட்டிலும் ஒருசேர உதவும் குறைந்த எடை தரும் பயனே இங்கு அதிகம். சுமார் 420 கிலோ எடையில், பழைய கார் ஒன்றின் பாகங்களைக் கொண்டு, கடலூரிலோ புதுச்சேரியிலோ உள்ள சாதாரணப் பட்டறையில் அத்தகைய வண்டியைக் கட்டும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நாங்கள் கடலூர் முதுநகரில் ஒரு கொட்டகையில் கட்டிய வண்டியே இதற்கு அடிப்படை. கட்டும் வேலை பாதிதான் என்பதும், தராசும் கடிகாரமும் வந்த பிறகே மறுபாதி தொடங்குகிறது என்பதும் எனக்குத் தாமதமாகப் புரிந்தவை. அதனால் சோதனைப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

முதல் குழாயை வாங்குவதற்கு முன்பே, கலந்துகொள்ள விரும்பும் போட்டியின் அந்த ஆண்டு விதிநூலைப் பெற்று, கையால் கட்டிய வண்டிக்கு எந்தப் பிரிவில் இடம் உண்டு, வண்டி புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புக் கூண்டுக்கும் பெல்ட்டுக்கும் என்ன அளவு கேட்கிறார்கள் என்பதைப் படித்துவிட வேண்டும். இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்துவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்னும் கூட்டமைப்பு. அதன் தொழில்நுட்பப் பரிசோதகர் வண்டியின் அழகைப் பார்க்கமாட்டார். கூண்டையும் பெல்ட்டையும் பெட்ரோல் குழாயையும்தான் பார்ப்பார்.

இந்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பழைய காரின் பதிவை இதற்கு ஒட்டவைக்கவும் வழியில்லை. 52ஆம் பிரிவு அத்தகைய மாற்றத்தைத் தடுக்கிறது. "விடியற்காலையில் ஒரு தடவை மட்டும்" என்று கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால், அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்நேரத்தில்தான் மீன் கூடையோடு பெண்கள் சாலையைக் கடக்கிறார்கள். சுற்றுச்சுவர் உள்ள ஆலை வளாகமோ, விடுமுறையில் காலியாக இருக்கும் கல்லூரி மைதானமோ தேடி, உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். எங்களுக்கு அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று.

எஞ்சினும் அதன் இடமும்

மாருதி எஞ்சினை வைத்துப் பந்தய வண்டி கட்டும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் பழகியது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார்; செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 800-இன் 796 சி.சி. எஞ்சின் நம்பகமானது என்றாலும் பெரும்பாலான வண்டிகளில் அதன் திறன் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. 1993இல் வந்த ஜென் காரின் 993 சி.சி. எஞ்சின் அலுமினியத்தாலானது, எடை குறைந்தது, ஐந்து கியர்ப் பெட்டியோடு கிடைப்பது. தொடக்ககால வண்டிகளிலேயே சுமார் 50 குதிரைத்திறன் தரும். எஸ்டீம் காரின் 1298 சி.சி. எஞ்சின் 85 வரை தரும். ஆனால் முதல் வண்டிக்கு 50 போதும் என்பது என் உறுதியான கருத்து. முக்கால் டன் எடையுள்ள ஜென்னை இழுத்த அதே எஞ்சின் 420 கிலோவை இழுக்கும்போது, எஸ்டீம் எஞ்சின் பொருத்திய கனமான வண்டியைவிட அது திருப்பத்தில் உங்களை முந்தவைக்கும்.

கார்புரேட்டர் எளிமையானது, ஆனால் தொடர் திருப்பத்தில் அதன் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சின் திணறும். கணினியின் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒயரிங் முழுவதையும், கணினிப் பெட்டி, பெட்ரோல் பம்பு, சென்சார்கள் எல்லாவற்றோடும் ஒரே காரிலிருந்து, ஒரு ஒயரைக்கூட வெட்டாமல் எடுக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் எஞ்சினைத் தனியாக வாங்கி, பின்பு ஒயரிங்குக்கு அலைவதைவிட, உள்ளூர்க் காயலான் கடைக்குப் போகவிருக்கும் முழு வண்டியை வாங்குவது மலிவாக முடியும். இரும்பை எடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கும்போது பதிவு நீக்கத்துக்கான தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.

முன்சக்கர இயக்கக் காரின் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒரே தொகுதியாகக் கழற்றி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பின்சக்கரங்களை இயக்குவதே இந்த அமைப்பின் அடிப்படை. தொகுதியை முன்பு இருந்த அதே திசையில் வைக்க வேண்டும். இடவசதிக்காக அதைத் திருப்பி வைத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். ஐந்து கியரும் வண்டியைப் பின்னோக்கி ஓட்டும், முன்னோக்கிச் செல்ல ரிவர்ஸ் மட்டுமே மிஞ்சும். அதே திசையில் வைத்தால் எஞ்சின் பின் அச்சுக்கு முன்பாக அமைவதால், கனமும் வண்டியின் நடுவை நெருங்குகிறது.

கூடு

வண்டியின் எலும்புக்கூடான சட்டத்தையே கூடு என்கிறேன். அதற்கு நாங்கள் பயன்படுத்தியது 25 மி.மீ. சதுரக் குழாய், சுவர்த் தடிமன் 1.6 மி.மீ. இதன் எடை மீட்டருக்குச் சுமார் 1.18 கிலோ. இரண்டு மி.மீ. சுவர் எடுத்தால் அது 1.44 கிலோ ஆகும். 45 மீட்டர் குழாய்க்கு வித்தியாசம் பன்னிரண்டு கிலோ வருகிறது. இந்தக் கணக்கை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். போல்ட்டு உட்பட வண்டிக்குள் போகும் எதையும் தராசில் வைக்காமல் பொருத்தக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். எடை மொத்தமாக ஏறுவதில்லை, நூறு கிராம் நூறு கிராமாகத்தான் ஏறுகிறது.

குழாய்களைச் சதுரமாகக் கட்டினால் கூடு முறுக்கத்துக்குத் தாங்காது. முக்கோணமாகக் கட்டினால்தான் தாங்கும். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு குறுக்குக் குழாய் வேண்டும். வேலையை இரும்பு மேசையின் மீது, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். முதலில் எல்லா இணைப்புகளிலும் டாக் எனப்படும் சிறு தற்காலிக வெல்டு மட்டும் வைத்து, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து, இரண்டு அளவும் இரண்டு மி.மீ.க்குள் ஒத்துப்போனால்தான் முழு வெல்டிங். அதையும் ஒரே பக்கமாக ஓட்டாமல், இடதில் ஒன்று வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டினால் வெப்பத்தால் கூடு இழுத்துக்கொள்ளாது.

நம் கடற்கரைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வாயுக் கவசம் கொண்ட மிக் வெல்டிங்கைப் பிற்பகலில் திறந்த கொட்டகையில் செய்யாதீர்கள். கடற்காற்று எழுந்துவிட்டால் அது வாயுவைக் கலைத்துவிடும். வெல்டு மேலே பளபளவென்று தெரிந்தாலும் உள்ளே பஞ்சுபோல் ஓட்டை விழும். எங்கள் முதல் கூட்டின் முன்பகுதியில் பதினொரு இணைப்புகளை இதனால் அறுத்தெறிந்தோம். அதன்பின் காலை வேளையில் மட்டும், கடல் பக்கம் தார்ப்பாய் கட்டி வேலை செய்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆர்க் வெல்டிங் குச்சிகளும் ஈரம் ஏறிக் கெடும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், அதே குழாயில் இரண்டு துண்டுகளை வெல்டு செய்து, பட்டறைப் பிடியில் வைத்துச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். குழாய் கிழிய வேண்டும், வெல்டு கிழியக் கூடாது.

பாதுகாப்புக் கூண்டுக்குச் சதுரக் குழாய் ஆகாது. உலகப் பந்தயக் கூட்டமைப்பின் விதி, ஓட்டுநரின் பின்னால் எழும் முதன்மை வளைவுக்குத் தையலில்லாத உருளைக் குழாயில் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கேட்கிறது. மணல் நிரப்பிச் சூடுகாட்டி வளைத்தால் சுவர் மெலியும். குழாய் வளைக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்கே கொண்டுபோங்கள்; புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் கேட்டுப் பாருங்கள். ஹெல்மெட் அணிந்து அமர்ந்த நிலையில், தலைக்கு மேல் குறைந்தது ஐந்து செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். தோள் பெல்ட்டுகள் தோளிலிருந்து பின்னோக்கிக் கிடைமட்டத்துக்குச் சற்றே கீழாக, பத்து டிகிரி அளவில் செல்வது நல்லது. செங்குத்தாக இறங்கினால் மோதலின்போது முதுகெலும்பை நசுக்கும்.

கூடு முடிந்ததும், பெயிண்ட் அடிக்குமுன், முறுக்குச் சோதனை செய்ய வேண்டும். கூட்டின் பின்புறத்தை மேசையோடு இறுகப் பிணைத்து, முன்புறத்தை நடுவில் ஒரே முனையில் தாங்கி, முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வரும் இடங்களுக்குக் குறுக்கே ஓர் உறுதியான உத்தரத்தைப் பிணையுங்கள். நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 50 கிலோ எடையைத் தொங்கவிட்டால், முறுக்கு விசை சுமார் 490 நியூட்டன்-மீட்டர். நடுவிலிருந்து 600 மி.மீ. தள்ளி, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜில் மூன்று மி.மீ. இறங்கியதாக வைத்துக்கொண்டால், கோணம் 0.286 டிகிரி, வகுத்தால் டிகிரிக்கு ஏறத்தாழ 1,700 நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். இந்த எடைக்கு 1,500-ஐத் தாண்டினால் போதும் என்று கருதுகிறேன். குறைந்தால், ஒரு குறுக்குக் குழாயை இரும்புக் கவ்வியால் தற்காலிகமாகப் பிடித்து மீண்டும் அளந்து, எண் உயரும் இடத்தில் மட்டும் வெல்டு செய்யுங்கள். கண்ணளவில் குழாய் சேர்ப்பவர்கள் எடையைத்தான் சேர்க்கிறார்கள்.

சக்கரமும் சுருள்வில்லும்

பின்னால் ஜென்னின் முன் ஹப் (சக்கரம் மாட்டும் குடம்), டிஸ்க், ஸ்ட்ரட் எல்லாம் அப்படியே வருகின்றன. அங்கே ஸ்டீயரிங்குக்காக இருக்கும் கையை, நீளம் மாற்றக்கூடிய ஓர் உறுதியான தண்டால் கூட்டோடு பிணைத்துப் பூட்டிவிட வேண்டும். அந்தத் தண்டின் உள்முனை, சக்கரத்தைக் கீழே கூட்டோடு இணைக்கும் கீழ்க் கையின் உள்முனைக்கு இணையான இடத்தில் அமையாவிட்டால், சக்கரம் மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் பின்சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் 50 மி.மீ. நகர்த்தி, திரும்புகிறதா என்று டயல் கேஜில் பார்த்த பிறகே தாங்கித் தகட்டை வெல்டு செய்யுங்கள்.

முன்புறத்துக்கு இன்னொரு ஜென்னின் முன் ஹப் ஜோடி வேண்டும். இங்கே டிரைவ் ஷாஃப்ட் இல்லை. ஆனாலும் சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடிப்பது டிரைவ் ஷாஃப்ட்டின் சக்கரப் பக்க மூட்டான வெளிப்புற சி.வி. ஜாயிண்டின் தண்டும் நட்டும்தான். அவற்றை விட்டுவிட்டு ஹப்பை மட்டும் மாட்டினால் பேரிங் பிரிந்து சக்கரம் கழன்றுவிடும். பழைய ஜாயிண்டின் தண்டுப் பகுதியை லேத்தில் வெட்டி எடுத்து, உரிய முறுக்களவில் இறுக்கிப் பொருத்த வேண்டும். அரைநாள் லேத் வேலைதான், ஆனால் இந்த வண்டியில் உயிர் தொங்கும் இடங்களுள் இது ஒன்று.

பழைய ஸ்பிரிங் இந்த எடைக்கு விறைப்பானது. கணக்குப்போட்டுப் புதிதாகச் சுற்றிக்கொள்வது சிறந்தது. பழையதை வெட்டவும் கூடாது, வெப்பம் காட்டித் தாழ்த்தவும் கூடாது. ஓட்டுநருடன் வண்டி 490 கிலோ, அதில் 42 விழுக்காடு முன்னால் என்றால், ஒரு பின்சக்கரத்தின் மீது 142 கிலோ. சக்கரம், ஹப் ஆகியவற்றின் 25 கிலோவைக் கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 117 கிலோ. நொடிக்கு இரண்டு முறை அதிரும் அளவு விறைப்பு வேண்டுமானால், மி.மீ.க்கு சுமார் 18.5 நியூட்டன் தேவை. முன்னால் அதிர்வு சற்றுக் குறைவாக இருக்கும்படி 11.5 நியூட்டன். பத்து மி.மீ. கம்பியில், நூறு மி.மீ. சராசரி விட்டத்தில், செயல்படும் சுற்றுகள் ஐந்தேகால் வைத்தால் பின் ஸ்பிரிங் கிடைத்துவிடும். முன்னுக்கு ஒன்பது மி.மீ. கம்பி, ஐந்தரைச் சுற்று. ஸ்பிரிங்கின் இருக்கையை மரையிட்ட வளையமாக லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். பின்னர் எடைச் சரிசெய்தலுக்கு இதுவே சாவி.

பிரேக், பெட்ரோல், தண்ணீர்

முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் பிரேக் குழாய்கள் இடது முன்னுக்கும் வலது பின்னுக்குமாகக் குறுக்காகப் பிரிந்திருக்கும். இந்த வண்டிக்கு முன்னிரண்டு, பின்னிரண்டு என்று மாற்ற வேண்டும். நான்கிலும் ஒரே டிஸ்க், ஒரே காலிப்பர் என்பதால் பிரேக் விசை சமமாகப் போகும்; ஆனால் சக்கரங்களின் மீதான எடை சமமில்லை. நின்றிருக்கும்போது முன்னால் 206, பின்னால் 284 கிலோ. ஈர்ப்பு முடுக்கத்தின் பத்தில் ஒன்பது பங்கு அளவில் பிரேக் பிடித்தால் சுமார் 78 கிலோ முன்னுக்கு நகர்ந்து, கணக்கு அப்படியே தலைகீழாகிறது: முன்னால் 284, பின்னால் 206. சம அழுத்தத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழலும். பின்குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள்.

பெட்ரோல் தொட்டி பத்து லிட்டர் போதும். இருக்கைக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவருக்கு அப்பால், மோதலில் நசுங்காத இடத்தில் வையுங்கள். ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருப்பதால் தண்ணீர்க் குழாயில் காற்று அடைபடும். மிக உயர்ந்த புள்ளியில் காற்று போக்கும் திருகு வைக்காததால் எங்கள் முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போயிற்று. எண்ணெய்த் தொட்டியில் தடுப்புத் தகடுகள் வேண்டும்; திருப்பத்தில் எண்ணெய் ஒதுங்கினால், பம்பு காற்றை உறிஞ்சிய இரண்டு நொடியில் பேரிங் தேயத் தொடங்கிவிடும்.

உடல்

இங்கே கடற்கரை நமக்குத் துணை. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஃபைபர் படகைப் பழுதுபார்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் கைவேலை மிகத் தேர்ந்தது. சிக்கல் ஒன்றுதான்: அவர்கள் பழக்கத்தில் தடிமனாகப் போடுவார்கள். மூக்குப் பகுதிக்கு 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு போதும் என்றபோது, "அலை அடிச்சா தாங்க வேணாமா தம்பி?" என்று எங்களுக்கு வேலை செய்துகொடுத்த படகுக்கார அண்ணன் வருத்தத்தோடு கேட்டார். அலை இல்லை, காற்றுதான் என்று சொல்லிப் புரியவைத்தோம். சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று கிலோவுக்குள் முடித்துக் கொடுத்தார்.

அலுமினியத் தகட்டை நேராக இரும்புக் குழாயில் ரிவெட் அடித்தால், உப்புக் காற்றில் அலுமினியம் விரைவாக அரித்துப்போகும். நடுவில் பாலியூரித்தேன் சீலன்ட் பூசுங்கள். குழாய்களின் திறந்த முனைகள் எல்லாவற்றையும் மூடி, வெளியே எபாக்சி பிரைமர் அடியுங்கள்.

தராசு

நான்கு வீட்டுத் தராசுகள், ஒவ்வொன்றும் 180 கிலோ வரை காட்டுபவை, நமக்குப் போதும். இலகுவான வண்டிக்கு இது ஒரு பெரிய வசதி. தரையை ரசமட்டத்தால் சமன் செய்து, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் தராசை வைத்து, ஓட்டுநரை அமரவைத்தோ அதே எடைக்கு அரிசி மூட்டை வைத்தோ படியுங்கள். எங்களுக்கு முதலில் வந்தது: இடது முன் 101, வலது முன் 105, இடது பின் 152, வலது பின் 132. வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டினால் 257. அது மொத்தத்தில் 52.4 விழுக்காடு. இந்த எண் 50-ஐ விட்டு விலகினால், வண்டி இடப்புறத் திருப்பத்தில் ஒருவிதமாகவும் வலப்புறத் திருப்பத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும்.

இடது முன், வலது பின் ஸ்பிரிங் இருக்கைகளைச் சற்று ஏற்றி, மற்ற இரண்டையும் இறக்கிய பிறகு 107, 99, 146, 138 என்று வந்தது; குறுக்குக் கூட்டல் 245, சரியாகப் பாதி. முன் மொத்தம் 206, இடது மொத்தம் 253 ஆகியவை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங் இருக்கையைத் திருகி முன்-பின் பங்கையோ இட-வலப் பங்கையோ மாற்ற முடியாது. அதற்கு பேட்டரியையோ தொட்டியையோதான் நகர்த்த வேண்டும்.

எடை மையத்தின் உயரத்தையும் இதே தராசில் அறியலாம். ஸ்ட்ரட்டுகளுக்குப் பதிலாக அசையாத இரும்புத் தண்டுகளைப் பொருத்தி, பின் அச்சை 300 மி.மீ. உயர்த்தி, முன் எடை எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். அச்சிடை நீளம் 2,200 மி.மீ., கூடிய எடை நான்கு கிலோ என்றால், எடை மையம் அச்சு உயரத்துக்கு மேல் 130 மி.மீ.; சக்கர ஆரம் 260-ஐச் சேர்த்தால் தரையிலிருந்து 390 மி.மீ. சக்கர இடைவெளி 1,300 மி.மீ. ஆக இருக்கும் வண்டி, ஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான பக்க விசையில் திரும்பும்போது 147 கிலோ உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு நகர்கிறது. முன்பு பிரேக் கணக்கில் சொன்ன 78 கிலோவும் இந்த உயரத்திலிருந்துதான் வந்தது.

சக்கரங்களை நேர்பார்க்க, வண்டியின் இருபுறமும் மைய அச்சுக்கு இணையாக மீன்பிடி நரம்பைக் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை இரும்பு அளவுகோலால் எடுங்கள். தொடக்கத்தில் முன்சக்கரங்களை நேராகவும், பின்சக்கரங்களை மொத்தம் இரண்டு மி.மீ. உள்நோக்கியும் வைக்கலாம். சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாயும் அளவை (உட்சாய்வை) எடுக்கத் தூக்குக் குண்டு போதும். 13 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ ஆறு மி.மீ., அதாவது இரண்டு நூல். முன்னால் இரண்டு டிகிரி, பின்னால் ஒன்றரை டிகிரி உட்சாய்வில் தொடங்குங்கள்.

மைதானத்தில்

மைதானத்துக்குப் போகுமுன், வண்டியைத் தாங்கிகளின் மீது நிறுத்தி, எஞ்சினை மின்விசிறி தானாக மூன்று முறை ஓடி நிற்கும்வரை ஓட்டுங்கள். பிரேக் மிதியை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, மிதி இறங்குகிறதா, எங்கேனும் கசிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நட்டும் இறுகியதும் அதன் மீது பெயிண்டால் ஒரு கோடு இழுத்தால், பின்பு தளர்ந்தது கண்ணுக்குத் தெரியும். வெளியிலிருந்து எட்டக்கூடிய மின்துண்டிப்பு விசை, இரண்டு தீயணைப்பான்கள், அவற்றை இயக்கத் தெரிந்த இருவர் ஆகியவை இல்லாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

முதல் ஓட்டம் நடைவேகம். பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து முறை பிரேக் பிடித்து, நிறுத்தி, பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள். அரைமணி நேரத்துக்குப் பின் மீண்டும் பாருங்கள். இதில் அவசரப்பட்டவர்கள்தான் சக்கரத்தை இழக்கிறார்கள்.

அடுத்து பிரேக் சோதனை. சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, 30 கிலோமீட்டரில் தொடங்கிப் பத்து பத்தாக ஏற்றி, 60 வரை போங்கள். வெளியே நிற்பவர் எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். முன்சக்கரமே முதலில் பூட்ட வேண்டும். அதுவரை பின் வால்வைத் திருகிக்கொண்டே இருங்கள். 60 கிலோமீட்டரிலிருந்து 15 மீட்டரில் நின்றால், அது ஈர்ப்பு முடுக்கத்தில் 0.94 பங்கு. இந்த வகை வண்டிக்கு அது நல்ல எண்.

மூன்றாவது வட்டச் சோதனை, என் அனுபவத்தில் மிக அதிகம் கற்றுத்தருவது. ஒரு முளையில் 15 மீட்டர் கயிறு கட்டி வட்டம் வரைந்து, வண்டியின் நடு அந்தக் கோட்டின் மீது செல்லுமாறு சீராக ஓட்டி, ஒரு சுற்றுக்கான நேரத்தை எடுங்கள். 60.4-ஐ நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், பக்கவாட்டுப் பிடி ஈர்ப்பு முடுக்கத்தின் பங்காகக் கிடைக்கும்: 8.2 நொடி என்றால் 0.90, 7.8 நொடி என்றால் 0.99. இரு திசையிலும் ஓட்டுங்கள். இரண்டும் பெரிதாக வேறுபட்டால் தராசுக்குத் திரும்பிப் போங்கள். வேகம் ஏற ஏற ஸ்டீயரிங்கை மேலும் மேலும் உள்ளே திருப்ப வேண்டியிருந்தால் முன்பக்கம் நழுவுகிறது. திருப்பியதைத் தளர்த்த வேண்டியிருந்தால் பின்பக்கம் நழுவுகிறது. பின்னால் கனம் உள்ள இவ்வண்டி இரண்டாவது வகைக்குச் சாயும். திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன் ஆன்டி-ரோல் கம்பியைச் சற்றுத் தடிப்பாக்கியோ, பின்புறத்தில் விறைப்பைக் குறைத்தோ அதைத் திருத்தலாம்.

டயர்க் காற்றை 20 பி.எஸ்.ஐ.யில் தொடங்கினோம். டயரின் தோளில் சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டினால் எதுவரை தரையில் உரசுகிறது என்று தெரியும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே, குத்தி அளக்கும் வெப்பமானியால் உள், நடு, வெளி என்று மூன்றிடத்தில் அளந்தால் காரணமும் தெரியும். நடு மட்டும் சூடென்றால் காற்று அதிகம். வெளி மட்டும் சூடென்றால் உட்சாய்வு போதவில்லை.

இவற்றுக்குப் பிறகே கூம்புகள். 15 மீட்டர் இடைவெளியில் ஐந்து கூம்பு, ஒரு கொண்டைத் திருப்பம், ஒரு சிறிய நேர்ப்பாதை என்று நாற்பது நொடிக்குள் முடியும் பாதை ஒன்றை அமைத்து, அதையே ஒவ்வொரு முறையும் அளந்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுமுன் மூன்று ஓட்டம், மாற்றியபின் மூன்று, பழைய நிலைக்குத் திருப்பிவைத்து மீண்டும் மூன்று. கடைசி மூன்றை யாரும் செய்ய விரும்புவதில்லை. ஆனால் அதில்தான் உண்மை இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் ஓட்டுநர் தேர்ச்சி பெறுகிறார், டயர் சூடேறுகிறது, தரை மாறுகிறது. முன்சக்கரங்களை இரண்டு மி.மீ. வெளிநோக்கி வைத்தபோது எங்களுக்கு அரை நொடி குறைந்தது. திருப்பி நேராக வைத்தபோதும் அதே நேரம் வந்தது. குறைந்த அரை நொடி ஓட்டியவருடையது, சக்கரத்துடையது அன்று. கடற்காற்று எழுவதற்கு முன், காலை ஆறு முதல் பத்து மணிக்குள் சோதனைகளை முடித்தால் தரை வெப்பமும் ஓரளவு ஒத்திருக்கும். கத்திரி வெயிலில் எடுத்த நேரத்தை மார்கழியில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடாதீர்கள்.

ஒவ்வொரு சோதனை நாளுக்குப் பின்னும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வெல்டு இணைப்புகளை, குறிப்பாகக் கீழ்க் கைகளின் தாங்கித் தகடுகளை, விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். பெயிண்டில் முடிபோல் கோடு விழுந்திருந்தால் சுரண்டிப் பார்க்காமல் மறுபடி ஓட்டக் கூடாது. நாங்கள் வெள்ளை பெயிண்ட் அடித்தது இதற்காகத்தான்.

போட்டிக்குச் செல்லும்போது வண்டி லாரியில்தான் போகும். சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். குட்டியானையின் தொட்டியில் இந்த நீளம் அடங்காது, 14 அடி வண்டி பேசிக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு இரண்டு சாய்வுப் பலகைகளும் நான்கு ஆட்களும் போதும். கூட்டின் குழாயில் கயிறு கட்டி இழுத்தால், வழியெல்லாம் ஸ்பிரிங் ஆடி முடிச்சு தளரும். சக்கரங்களின் மீது பட்டைகளைப் போட்டுத் தரையோடு இறுக்குங்கள். பேட்டரி முனையைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, தார்ப்பாயால் மூடுங்கள். இறக்கியதும் முதல் வேலை, தராசுகளை எடுத்து நான்கு மூலையையும் மறுபடி நிறுப்பது.